கடைசி வரை இருந்தவர்கள்

இந்தக் காலத்தில் யாருக்கும் ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வருவதில்லை. கடையில் போய், இந்த பல்பு எத்தனை நாள் எரியும் என்று கேட்டால், அருமையா எரியும் சார் என்கிறான். வங்கிக்கு போன் போட்டுப் பென்ஷன் ஏன் வரவில்லை என்று கேட்டால், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல் பாடுகிறது. கழுத்தில் அட்டை தொங்குகிற எவனும் ‘தெரியலைங்க பெரியவரே’ என்று சொல்லி நான் கேட்டது கிடையாது. அட்டை மாட்டும்போதே அந்தச் சொல்லைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

அந்தச் சொல்லை அடியோடு ஒழிப்பதற்கென்றே எங்கள் ஊரில் ஒரு கட்டடம் இருக்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வாசலில் இரும்பில் செய்த இரண்டு கைகள் உருண்டையாக எதையோ தாங்கிக்கொண்டு நிற்கும். அது உலகம் என்று என் மாப்பிள்ளை சொன்னார். கட்டி என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.

மாப்பிள்ளை அங்கே வயிற்றுப் புற்றுநோய்ப் பிரிவுக்குத் தலைவர். கல்யாணப் பேச்சுக்காக முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே பாதியில் எழுந்து போனவர். கடிகாரத்தைப் பார்த்தார், செல்லுக்குத் தீனி மாற்ற வேண்டும் என்றார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஏதோ நாய்க்குச் செல்லம் என்று பெயர் வைத்து வளர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. என் தங்கைக்குத்தான் பிடித்துவிட்டது.

“வாயில்லா ஜீவனுக்கே இப்படி ஓடறவரு, நம்ம பொண்ண விட்டுடுவாராண்ணே” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் முடிவாயிற்று.

செல் என்றால் நாய் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. எவனோ ஒரு மனுஷனின் வயிற்றுக் கட்டியிலிருந்து கிள்ளி எடுத்ததாம். அந்த மனுஷன் செத்து மண்ணாகிப் போனான். கட்டியிலிருந்து கிள்ளியது மட்டும் சாகாமல், ரோஸ் கலர் தண்ணீரில், தட்டையான குடுவையில் பெருகிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பெயர் வ-7. வ என்றால் வயிறு. மாப்பிள்ளையின் குருநாதர் ஓய்வு பெறும்போது, தன் கையெழுத்தில் பெயர் ஒட்டிய குப்பியை இவர் கையில் கொடுத்து, பத்திரம் என்றாராம். இவரும் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டார். பேரன் பிறந்தபோது வ-7க்குத் தீனி மாற்றிக்கொண்டிருந்தார். பேத்தி பிறந்தபோதும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். என் மகள் இரண்டு பிரசவத்துக்கும் ஆட்டோவில் தனியாகப் போனாள். என் தங்கை அந்தக் குப்பிக்கு ‘மூத்தவன்’ என்று பெயர் வைத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, “மூத்தவன் சாப்பிட்டானா தம்பி?” என்பதுதான். அதைக் கேட்டால் மட்டும் அந்த மனிதர் முகம் மலர்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

மூத்தவனின் தலையில் மருந்தை ஊற்றுவதுதான் மாப்பிள்ளையின் வேலை. ஒரு மருந்தை ஊற்றினால் சுருங்கும், அதற்கு ஒரு கட்டுரை. இன்னொன்றை ஊற்றினால் சுருங்காது, அதற்கும் ஒரு கட்டுரை. எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி முடியும். முடிவுகள் நம்பிக்கை அளிக்கின்றன. மேலும் ஆய்வு தேவை. கட்டுரை ஏற ஏற நாற்காலியும் ஏறியது. முதலில் முக்காலி. பிறகு கை வைத்த நாற்காலி. பிறகு சக்கரம் வைத்தது. பிரிவுத் தலைவர் ஆனபோது தலை சாய்த்துக்கொள்ள ஒரு மெத்தையும் சேர்ந்து வந்தது. வெளிநாடுகளுக்கெல்லாம் கூப்பிட்டு, மூத்தவனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

நான் வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பேன். 

“இது வரைக்கும் யாருக்காவது கொணமாச்சா மாப்ள?”

“அது அப்படிக் கேக்கற கேள்வி இல்ல மாமா.”

“எப்படிக் கேக்கணும்?”

“கொணமாகறதுக்கான பாதை தெளிவாகியிருக்கான்னு கேக்கலாம்.”

“சரி, ஆகியிருக்கா?”

“மேலும் ஆய்வு தேவை மாமா.”

மகள் என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய், அவர் வேலையைப் பற்றி உங்களுக்கு என்னப்பா தெரியும் என்று கடிந்துகொள்வாள். ஒன்றும் தெரியாது. அதைத்தான் நானும் சொன்னேன். பஸ் ஓட்டியவனுக்கு என்ன தெரியும். வண்டி போய்ச் சேர்ந்ததா என்று கேட்கத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போது என் தங்கைக்கு வயிற்றில் வலி வந்தது.

புருஷன் போனதிலிருந்து அவள் என்னோடுதான் இருந்தாள். சாப்பாட்டைத் தட்டில் வைத்துக் கோலம் போட்டுவிட்டு எழுந்துபோக ஆரம்பித்தாள். பொது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள், கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள், வயிற்றில் புற்று என்றார்கள். அங்கே இருந்த அறுவை டாக்டர் ஒரு முசுடு. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சீக்கிரமே வந்துட்டீங்க. வெட்டிடலாம். அடுத்த மாசக் கடைசிக்குள்ள வரணும். தாண்டிடுச்சுன்னா, தொறந்து பாத்துட்டுத் தையல் போடற வேலைதான் எனக்கு” என்றார். பிழைத்துக்கொள்வாளா என்று கேட்டேன்.

“தெரியாது” என்றார்.

அந்த ஆளிடம்தான் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். ஆனால் வயிறு என்னுடையது இல்லையே.

“வீட்டுக்குள்ளயே மருந்து கண்டுபிடிச்ச ஆள வச்சுக்கிட்டு, ஏண்ணே கத்திகிட்டப் போகணும்?” என்றாள் தங்கை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூத்தவனைச் சுருங்க வைத்த மருந்து ஒன்று மாத்திரையாகியிருந்தது. அதை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை நிறுவனத்தில் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையைக் கேட்டோம். முடிவுகள் நம்பிக்கை அளிக்கின்றன என்றார். தங்கை சேர்ந்துவிட்டாள்.

சேர்த்துக்கொண்ட அம்மாவுக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பதவி. எதைச் சொன்னாலும் சிரிப்பார். அதனால் சிரிப்பம்மா என்று என் தங்கை பெயர் வைத்தாள். இங்கே நாங்கள் யாரையும் நோயாளி என்று சொல்வதில்லை, ‘பயணத் தோழர்’ என்றுதான் சொல்வோம் என்றார் சிரிப்பம்மா. தங்கையின் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார். பயணம் எங்கே போகிறது என்று கேட்டேன். சிரித்தார்.

ஒரு நாள் மாத்திரை வாங்கப் போயிருந்தோம். கீழே கூடத்தில் கூட்டம். வெளிநாட்டுப் பத்திரிகைகளெல்லாம், உங்களிடம் இருக்கும் செல் உண்மையில் எந்தச் செல் என்று சோதித்துச் சொன்னால்தான் இனிமேல் கட்டுரை போடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்காக ஒரு கருவி வாங்கியிருந்தார்கள். குளிர்பதனப் பெட்டி அளவு இருந்தது. ரிப்பன் கட்டி, பூங்கொத்து வைத்து, இயக்குநர் கத்தரிக்கோலோடு நின்றார். தங்கை பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். அவளுக்குக் கூட்டம் என்றால் கொள்ளை ஆசை.

இயக்குநர் பேசினார். இந்தக் கருவிக்கு முன்னால் பெரியவன், சிறியவன் கிடையாது. இது யாருக்கும் வளையாது. இது பொய் சொல்லாது. அதனால் நம் நிறுவனத்தின் பெருமையான வ-7தான் இதில் முதலில் போக வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளை மூத்தவனில் ஒரு சொட்டைக் கொண்டுவந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர் மாதிரி உள்ளே வைத்தார். கருவி முனகியது. ரொம்ப நேரம் முனகியது. டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கடைசியில் கருவிக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஆள் திரையைப் பார்த்துப் படித்தார்.

“எலி.”

“எலியில சோதிச்சதுங்கறீங்களா?” என்றார் இயக்குநர்.

“இல்ல சார். இதுவே எலி.”

மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும் எலி. வேறு குப்பியிலிருந்து எடுத்துப் போட்டார்கள். அதுவும் எலி. கருவிக்காரரின் எச்சிலைத் தடவிப் போட்டுப் பார்த்தார்கள், மனுஷன் என்று வந்தது. கூடத்தில் பிஸ்கட் கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. இயக்குநர் மைக்கை வாங்கினார். இந்தக் கருவி இன்னும் நம் நிறுவனத்தின் பண்பாட்டைக் கற்றுக்கொள்ளவில்லை, அதற்கு நாம் அவகாசம் தர வேண்டும் என்றார். கைதட்டினார்கள். கருவியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார்கள். அந்தத் துணியை அதற்கப்புறம் யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அப்போ மூத்தவன் எலியாண்ணே?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“பாவம் தம்பி” என்றாள். “இத்தனை வருஷம் தீனி போட்டு.”

தன் வயிற்றைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். குருநாதர் காலத்தில் பக்கத்து மேஜையில் ஒருவர் எலிச் செல் வளர்த்தாராம். இரண்டு குடுவைக்கும் ஒரே குழாயைப் போட்டு உறிஞ்சியிருக்கிறார்கள். ஒரு சொட்டு தாண்டியிருக்கிறது. எலிச் செல்லுக்கு வளர்த்தி ஜாஸ்தி. கூட இருந்ததற்குத் தீனியும் விடாமல் இடமும் விடாமல் அடித்துத் துரத்திவிட்டதாம்.

“நான் குப்பிய வாங்கின அன்னைக்கே அதுல வயிறு இல்ல மாமா. பேரு மட்டுந்தான் இருந்திருக்கு.”

போர்டு மாறின வண்டியைத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனால் எங்கள் டிப்போவில் சஸ்பெண்ட் செய்வார்கள், உங்கள் இடத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அதற்கு முன்னுதாரணம் இல்லை என்றார். சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து, “சித்திய அங்கேருந்து வெளிய கொண்டு வந்துடுங்க மாமா. அந்த மாத்திரை எதையும் செய்யாது. டாக்டர் சொன்ன நாளுக்குள்ள வெட்டிடணும்” என்றார். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. தங்கையைக் கூப்பிட்டு அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அவள் நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

“எலிக்குக் கேட்டது எனக்குக் கேக்காதா தம்பி?” என்றாள்.

“கேக்காது சித்தி.”

“நீங்களே சொல்றீங்க. சரி, கத்தியே ஆகட்டும்” என்றாள்.

மறுநாளே முசுடு டாக்டரிடம் போனோம். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் தங்கை பெயர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது, அங்கே விலகல் ஆகாமல் நான் கை வைத்தால் என் கையை எடுத்துவிடுவார்கள், விலகல் வாங்கிக்கொண்டு ஓடி வாருங்கள், கட்டில் வைத்திருக்கிறேன் என்றார்.

விலகல். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

சிரிப்பம்மா எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். விலகுவது பயணத் தோழரின் உரிமை என்றார். அதைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்றார். காரணம் மட்டும் சரியாக இருக்க வேண்டுமாம்.

“மருந்து தப்பு. அதான் காரணம்” என்றேன்.

கம்ப்யூட்டரில் தேடினார். அப்படி ஒரு காரணம் அதில் இல்லையாம். என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். வெளிநாட்டில் குடியேறுதல், மாத்திரையின் சுவை பிடிக்காமை, கர்ப்பம், மரணம். சுவை பிடிக்கவில்லை என்று போடச் சொன்னேன். மாத்திரைக்குச் சுவை இல்லை என்று போன வருஷமே நிரூபித்து ஒரு கட்டுரை வந்துவிட்டதால், அந்தக் காரணத்தை இப்போது ஏற்பதில்லை என்றார்.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கர்ப்பம்னு போட்டுக்கம்மா. மத்த ரெண்டும் எனக்கு இப்போ தோதுப்படாது” என்றாள்.

சிரிப்பம்மா சிரித்தார். அது தமாஷுக்கான சிரிப்பு என்று நாங்கள் இருவரும் நினைத்துவிட்டோம். அவர் தட்டிவிட்டார். சரிபார்க்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொன்னது.

மகப்பேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பேரன் பேத்தி எடுத்த வயதுப் பொம்பளை, சின்னப் பெண்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் எத்தனையாவது மாதம் என்று கேட்டாள். தங்கை, மாசக் கடைசி என்றாள். அன்றைக்கு முறை வரவில்லை. மறுநாள் கருவி ரிப்பேர். அதற்கு மறுநாள் விடுமுறை. கடைசியில் ஸ்கேன் எடுத்த டாக்டர் பெண் திரையையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, கர்ப்பம் இல்லை, ஆனால் வேறொன்று நன்றாக வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிரிப்பம்மா அதைப் படித்துவிட்டு, முதல் தடவையாகச் சிரிப்பை நிறுத்தினார். “கர்ப்பம் இல்லன்னு வந்திருக்கு மேடம். ரொம்ப வருத்தமா இருக்கு. மனசத் தளர விடாதீங்க” என்றார். அதோடு விடவில்லை. தவறான காரணம் சொன்னவர்கள் அடுத்த மாதம் பிறக்கும் வரை மறுபடி விலகல் கேட்க முடியாது என்று விதி இருக்கிறது என்றார்.

நானும் மாப்பிள்ளையும் இயக்குநரைப் பார்க்கப் போனோம். அவருடைய நாற்காலியில் தலைக்கு மட்டுமல்ல, காலுக்கும் மெத்தை இருந்தது. மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். செல் எலி, மாத்திரை வீண், சோதனையை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ராஜினாமா செய்கிறேன் என்றார். அந்த மனிதர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

இயக்குநர் கோபப்படவே இல்லை. 

“ஐயா, நீங்க பெரியவர், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு” என்று என் பக்கம் திரும்பினார். “செல் தப்பா இருக்கலாம். ஆனா அத நம்பி இந்தக் கட்டடம் எழும்பியிருக்கு. கட்டடம் தப்பா இருக்க முடியுமா? எங்களுக்கு உயிர்தான் முக்கியம். எந்த உயிருங்கறது ரெண்டாவது விஷயம். உங்க தங்கச்சி இன்னைக்கு ஒரு ஆள். எங்க சோதனையில இருந்தா அவங்க ஒரு சதவீதம். ஆளு போயிடும் ஐயா. சதவீதம் நிக்கும்.”

பிறகு மாப்பிள்ளையிடம், ராஜினாமா பற்றி யோசித்துக்கொள்ளலாம், அடுத்த மாதம் வாழ்நாள் சாதனை விருது உங்களுக்குத்தான், மேடையில் எதை வேண்டுமானாலும் பேசுங்கள், இங்கே பேச்சுச் சுதந்திரம் உண்டு என்றார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை நடையைக் குறைத்தார். “மேடையில சொல்லிடறேன் மாமா. எல்லாரும் இருப்பாங்க. அங்க சொன்னா மறைக்க முடியாது” என்றார்.

“அதுக்குள்ள மாசம் முடிஞ்சிடும் மாப்ள.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தீனி மாற்றுகிற நேரம்.

மாசம் முடிந்தது. விலகல் வராமலே நான் தங்கையை முசுடு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் விதியையும் கம்ப்யூட்டரையும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுக் கத்தியை எடுத்தார். திறந்து பார்த்தார். தையல் போட்டார். சொன்ன சொல் மாறாதவர்.

கடைசி நாள்களில் தங்கை யாரிடமும் பேசவில்லை. மாப்பிள்ளை வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

“மூத்தவனுக்குத் தீனி போட்டீங்களா தம்பி?”

“போட்டேன் சித்தி” என்றார். போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

அவள் போன அன்றைக்கு, வீட்டில் இன்னும் ஆட்கள் கலையாதபோது, சிரிப்பம்மா போன் செய்தார்.

“சார், மேடத்தோட விலகல் ஏத்துக்கிட்டாச்சு.”

“அவ செத்துட்டாம்மா.”

“ஆமா சார். காரணம் சரியா இருக்கு.”

விருது விழாவுக்கு நான் போகமாட்டேன் என்றுதான் சொன்னேன். மாப்பிள்ளை வந்து, நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால்தான் எனக்கு வாய் வரும் மாமா என்று கெஞ்சினார். மகளும் வந்து அழைத்தாள். போனேன்.

பெரிய அரங்கம். மேடையில் பூ, கீழே விளக்கு, எல்லார் கழுத்திலும் அட்டை. முன்வரிசை முழுக்கப் பயணத் தோழர்களுக்கு என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த நாற்காலிகளெல்லாம் காலி. ஓரத்தில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பார்க்கக் கல்லு மாதிரி இருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மருந்து கேட்டதா என்று விசாரித்தேன்.

“எனக்குக் கேன்சரே இல்லீங்க” என்றார். “வெறும் புண்ணு. ரிப்போர்ட்டு மாறிப்போச்சு. விலகிக்கறேன்னு எத்தனையோ தடவ கேட்டுட்டேன். நோய் இல்லங்கறது காரணத்துல வராதாம்.”

இயக்குநர் பேச எழுந்தார். அடக்கமாக ஆரம்பித்தார். உலகத்தில் எத்தனையோ சோதனைகள் நடக்கின்றன, எல்லாவற்றிலும் உயிரிழப்பு இருக்கிறது, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன் என்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

“ஆனால் நமது சோதனையில், கடைசி வரை இருந்தவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.”

அரங்கம் அதிர்ந்தது. என் பக்கத்து ஆளைக் கைப்பிடித்து எழுப்பி நிற்க வைத்தார்கள். அவர் சுற்றிலும் ஒரு கும்பிடு போட்டார். இயக்குநர் மேலும் சொன்னார். சிலர் இடையில் விலகினார்கள், அவர்களுக்குப் பொறுமை இல்லை, பயணத்தில் பொறுமை முக்கியம், அவர்களை நாம் மன்னித்துவிடுவோம் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். என் மகள் என் முழங்கையை இடித்தாள். “கை தட்டுங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க.”

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்த இரண்டு கை, உருண்டையாக எதையோ தாங்கியது. அவர் அதை மேஜையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார். ஒன்றையும் விடவில்லை. நான் ஆயுள் முழுக்க வளர்த்தது மனுஷச் செல் இல்லை, எலிச் செல். என் கட்டுரைகள் ஒன்றுகூடச் செல்லாது. அந்த மாத்திரை யாருக்கும் உதவாது. விலகினார்கள் என்று சொன்னவர்கள் யாரும் விலகவில்லை, இறந்துபோனார்கள். அதில் ஒருவர் என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். அவரை நான் காப்பாற்றியிருக்கலாம். மேடைக்காகக் காத்திருந்தேன்.

முழுசாகச் சொன்னார். சரி, வாயைத் திறந்துவிட்டார், இனிமேல் இவர்கள் எப்படிப் பூசி மெழுகுவார்கள் பார்ப்போம் என்று நினைத்தேன்.

பின்வரிசையில் யாரோ ஒருவர் எழுந்து கைதட்ட ஆரம்பித்தார். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்ன ஒரு பணிவு என்று எனக்குப் பின்னால் ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார். 

இயக்குநர் மாப்பிள்ளையைக் கட்டி அணைத்தார். இப்படி உண்மையைப் பேசுகிற விஞ்ஞானி நம் நிறுவனத்தில்தான் உருவாக முடியும் என்றார். வ-7 எலி என்றால், உலகத்திலேயே எலிப் புற்றுநோயைப் பற்றி இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு ஆழமாக, வேறு எதையும் நினைக்காமல் ஆராய்ந்தவர் இவரைத் தவிர யார் என்று கேட்டார். எலி இனத்துக்கு நம் நிறுவனம் ஆற்றியிருக்கும் தொண்டை இனியும் மறைக்கக் கூடாது என்றார். எலிப் புற்றுநோய் உயராய்வு மையம் என்று ஒன்று அடுத்த ஆண்டு எழும்பும், அதன் தலைவர் இவர்தான் என்று அறிவித்தார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றார். எதிர்த்து ஏதாவது சொல்லுவார் என்று நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். நிருபர் ஒருவர் மைக்கை நீட்டினார். எலியில் எந்த உறுப்பின் செல் அது என்று கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கேடயத்தைப் பார்த்தார். ‘தெரியாது’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

“மேலும் ஆய்வு தேவை” என்றார். ஒரு மூச்சு விட்டுவிட்டு, “ஆனா முடிவுகள் நம்பிக்கை அளிக்கின்றன” என்றார்.

எழுந்தேன். மகள் கையைப் பிடித்து, சாப்பாடு இருக்குப்பா, பாதியில போனா என்ன நினைப்பாங்க என்றாள். உன் புருஷன் முதல் நாளே பாதியில் எழுந்து போனவர்தானே, அன்றைக்கு யாரும் ஒன்றும் நினைக்கவில்லையே என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வாசலில் சிரிப்பம்மா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். விழா முடியும் முன்னால் போகிறவர்களை வந்தவர்கள் கணக்கில் சேர்க்க முடியாது, கடைசி வரை இருந்தவர்களை மட்டும்தான் சேர்ப்போம் என்றார்.

“விலகிட்டான்னு போட்டுக்கம்மா.”

“காரணம் சார்?”

“சுவை பிடிக்கல.”

அவர் தேட ஆரம்பித்தார். நான் நிற்கவில்லை.

இரும்புக் கைகளைத் தாண்டி நிறுத்தத்துக்கு வந்தேன். பஸ் வந்தது. போர்டில் எங்கள் தெருப் பெயர்தான் இருந்தது. இருந்தாலும் படியில் ஒரு காலை வைத்து, இது அங்கேதான் போகிறதா என்று கேட்டேன். ஓட்டுகிறவன் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. “கண்டிப்பா போகும் சார், நம்பி ஏறுங்க” என்று சிரித்தான்.

காலை எடுத்துக்கொண்டேன். வீடு ஒன்றும் அவ்வளவு தூரம் இல்லை. நடந்தேன்.